ஆற்றைக் கடந்து காட்டியவர்

பாசுரங்களுக்கு உரை சொல்லும் குழைக்காதரைத் தேடிப் பூவராகன் வந்தபோது, மடத்தில் காலைக் காலட்சேபம் முடிந்து எல்லோரும் கலைந்திருந்தனர். சீடராயினும் பூவராகன் ஆசானைவிட வயதில் மூத்தவர். சென்னையில் வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் தலைவர். தண்டனிட்டு எழுந்தவர் உட்காரவில்லை.

"உட்காரும், ஓய்."

"நேரமில்லை, சுவாமி. நடந்ததை நடந்தபடி சொல்வது பாவமாகுமா?"

"என்ன நடந்தது?"

"'வெள்ளாற்றுக் காவல்' என்று ஒரு விளையாட்டு. முதல் பாகத்தைக் கொண்டாடினார்கள். இரண்டாம் பாகத்துக்குப் பதினோரு வருஷம் காக்க வைத்தோம். போன வாரம் வெளியிட்டோம். காறித் துப்புகிறார்கள்."

"எதற்காக?"

"தொடக்கத்திலேயே ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும். பாதிப் பேர் அதைக் கடக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். இந்த ஆற்றில் சாகவா இத்தனை வருஷம் உயிரோடு இருந்தோம் என்று எழுதுகிறார்கள்."

குழைக்காதர் சிரித்தார். பூவராகன் சிரிக்கவில்லை.

"ஆற்றை வடிவமைத்தவள் எழிலரசி என்ற பெண். அது உண்மை. இன்று மாலைக்குள் அறிக்கை வெளியாகாவிட்டால் பணம் போட்டவர்கள் விலகிவிடுவார்கள். அவள் பெயரைச் சொல்லி, அவளை நீக்கிவிட்டோம் என்று எழுதச் சொல்கிறார்கள். எழுதினால், இந்தத் தொழிலில் அவளுக்கு இனி எவரும் வேலை தரமாட்டார்."

கைப்பேசி அதிர்ந்தது. தொழில் கூட்டாளி தேவநாதன். பூவராகன் அழைப்பைத் துண்டித்தார்.

"கொண்டு வந்திருக்கிறீரா?" என்றார் குழைக்காதர்.

"எதை?"

"ஆற்றை."

பூவராகன் மடிக்கணினியைத் திறந்து வைத்தார். நீந்துவதற்கு எந்த விசை, திரும்புவதற்கு எந்த விசை என்று அவசரமாகச் சொன்னார். திரையில் ஒரு வீரன் நீரில் இறங்கினான். சில கை வீச்சுக்குள் சுழல் அவனை இழுத்துக்கொண்டது. திரை இருண்டது. நெடுநேரம் கழித்து, கரைக்கு வெகு தொலைவில் அவன் மறுபடியும் நின்றான். அங்கிருந்து நடந்துவர வேண்டும்.

குழைக்காதர் நடத்திவந்தார். இறக்கினார். இம்முறை மிதந்து வந்த மரம் மோதியது.

"திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டேன், ஓய்."

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. அவர் மறுபடி நடத்திவந்தார். மறுபடி சுழல்.

"எத்தனை தடவை போனாலும் பரமபதத்தில் இருக்க விடமாட்டேன் என்கிறார்களே."

"சுவாமி, மாலைக்குள் அறிக்கை போக வேண்டும்."

"கரை தெரிகிறது. இருமேன்."

நான்காம் தடவையும் வீரன் மூழ்கினான். பூவராகனுக்குப் பொறுக்கவில்லை.

"இப்படித் தாருங்கள். அடியேன் கடத்திவிடுகிறேன்."

கணினியைத் தம் பக்கம் இழுத்து மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். வீரன் ஆற்றில் இறங்கினான். சுழல் அவனைச் சுற்றிப் பார்த்துவிட்டு விலகியது. மரம் அவனை ஊடுருவிப் போனது. அவன் அக்கரையில் ஏறி நின்றான்.

"என்ன அழுத்தினீர்?"

"தயாரிப்பவர்களுக்கு மட்டும் உள்ள ஏற்பாடு, சுவாமி. அதைப் போட்டால் வீரனுக்குச் சாவில்லை. இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் செத்துச் செத்து எழுந்து, மேற்கொண்டு வேலை நடக்காது."

"வாங்கினவர்களுக்கு?"

"கிடையாது."

"அந்தப் பெண்ணுக்கு?"

"உண்டு. ஆனால் போட்டுக்கொள்ளமாட்டாள். வாங்கினவன் ஆடுகிறபடிதான் ஆடுவேன் என்று ஒரு பிடிவாதம். 'சார், ஆறு அகலமாகிக்கொண்டே போகிறது, எனக்கே முடியவில்லை' என்று வருஷா வருஷம் வந்து நிற்பாள்."

"அகலமாக்கியது யார்?"



"அடியேன் சொல்லித்தான். இவ்வளவு காலம் காத்திருந்தவர்களுக்கு முன்பைவிடப் பெரிய ஆறு வேண்டாமா?"

"அவளுக்கு என்ன பதில் சொன்னீர்?"

"பதில் எதற்கு? அவள் கண்ணெதிரே கடந்து காட்டினேன்."

"இப்போது காட்டினீரே, இப்படியா?"

பூவராகனின் விரல்கள் விசைகளின்மேல் அப்படியே நின்றன.

கைப்பேசி மூன்றாம் முறை அதிர்ந்தது. இம்முறை எடுத்தார். தேவநாதனின் குரல் கூடம் முழுதும் கேட்டது.

"அண்ணா, அறிக்கை தயார். எல்லோரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் பெயரைப் போட்டுவிடட்டுமா? ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்."

பூவராகன் கைப்பேசியைக் காதிலிருந்து விலக்கி ஆசானைப் பார்த்தார்.

"சுவாமி, என்ன சொல்ல?"

குழைக்காதர் கணினியை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"அவரை இருக்கச் சொல்லும். நீர் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு, ஒரு தடவை மூழ்கிவிட்டு வாரும்."