ஜெபராஜ் கையைத் தூக்கிய ஆட்டம்

“இந்த வருஷம் கோப்பையா, அடுத்த அஞ்சு வருஷத்துக்கு அணியா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க மேடம்” என்றார் சத்தியசீலன்.

திண்டுக்கல் கூடைப்பந்து அணிக்குப் பதினோரு வருடமாக அவர்தான் மேலாளர். ஒருமுறைகூடக் கோப்பை வந்ததில்லை. இந்த வருடமும் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக உரிமையாளர் சொல்லிவிட்டார்.

பயிற்சியாளர் ரெஜினா பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். சத்தியசீலனைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவரிடம் கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் கிடைப்பது அரிது. வேலைதான் கிடைக்கும்.

“சேலம் அணி நம்ம சுல்தானைக் கேக்குது. பதிலுக்கு அவங்க ஏழடி ஆளைத் தருவாங்க. வயசு முப்பத்தி நாலு. ஒரு வருஷம் ஓடுவான், கோப்பை வந்துரும். ஆனா சுல்தானுக்குப் பத்தொன்பதுதான். அவனையும் விட்டுட்டா நாளைக்கு நம்மகிட்ட யாரு இருக்கா?”

“விடாதீங்க.”

“விடலேன்னா ஜெபராஜை உட்கார வச்சுத்தான் இவனை ஆட விடணும். ரெண்டு பேரும் ஒரே இடத்து ஆட்டக்காரங்க. ஜெபராஜ் இல்லாம இந்த வருஷம் எப்படி ஜெயிக்கிறது?”

ரெஜினா பந்தை ஒருமுறை தரையில் தட்டிப் பார்த்தார். விசிலை ஊதினார்.

அணித்தலைவன் ஜெபராஜ் வந்தான். முப்பத்தைந்து வயது. இரண்டு முழங்காலிலும் உறை.

“ஜெபா, இனிமே உன்னை நான் வெளியே எடுக்க மாட்டேன். நீயா கையைத் தூக்கினா மட்டும் எடுப்பேன். உன் இடத்துக்குச் சுல்தான் வருவான். வேற யாரும் இல்லை.”

ஜெபராஜ் சிரித்தான். “அப்ப தம்பி இந்த வருஷம் பெஞ்சுல உட்கார்ந்து நல்லாத் தண்ணி குடிக்கட்டும்.”

சத்தியசீலன் சேலத்துக்குப் போன் செய்து, சுல்தானைத் தருவதற்கில்லை என்றார். வைத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்தது தைரியமா, யாரோ சொன்னதைக் கேட்டுக்கொள்ளும் சோம்பலா என்று அவருக்கே தெரியவில்லை.

முதல் ஐந்து ஆட்டங்களில் ஜெபராஜ் கையைத் தூக்கவில்லை.

கடைசிப் பத்து நிமிடங்களில் அவன் கால்கள் நின்றுவிட்டன. மூன்று ஆட்டங்கள் தோற்றார்கள்.

“மேடம்” என்றார் சத்தியசீலன்.

“சொல்லுங்க சார்.”

“ஒண்ணுமில்லை.”

ஆறாவது ஆட்டத்தில் கை பாதி எழுந்தது. சுல்தான் உள்ளே போனான். நான்கு நிமிடத்தில் மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தான். ஜெபராஜ் வாயில் தண்ணீரோடு திரும்ப ஓட வேண்டியிருந்தது.

மறுநாள் பயிற்சிக்கு ஜெபராஜ் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தான்.

“டேய், இங்க வா. நீ சொதப்பினா எனக்கு மூச்சு வாங்க நேரமில்லை. பந்தைப் பாக்காதே. எதிராளி இடுப்பைப் பாரு. தோள் பொய் சொல்லும்.”

“இதை ஏண்ணே இத்தனை நாள் சொல்லலை?”

“சொல்லிட்டா நீ என் இடத்துக்கு வந்துருவியே.”

அதன் பிறகு கை இரண்டு முறை எழுந்தது. பிறகு மூன்று முறை. தொடர்ந்து ஒன்பது ஆட்டங்கள் ஜெயித்தார்கள்.

இறுதி ஆட்டம் சேலத்தோடு. அந்த ஏழடி ஆள் இப்போது எதிர்ப்பக்கம் நின்றான்.

இருபது நொடி மிச்சம். திண்டுக்கல் ஒரு புள்ளி பின்னால். அன்று இருபத்தாறு புள்ளி எடுத்திருந்தவன் ஜெபராஜ். அரங்கமே அவன் பெயரைக் கத்தியது.

பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. விசில். பந்து திண்டுக்கல்லுக்கு.

ஜெபராஜ் கையைத் தூக்கினான்.

சத்தியசீலன் ரெஜினாவின் காதருகே குனிந்தார். “மேடம், பாக்காத மாதிரி இருந்துருங்க.”

ரெஜினா சுல்தானின் முதுகைத் தட்டினார்.

கோட்டருகே இருவரும் ஒருவரையொருவர் கடந்தார்கள்.

“என்னண்ணே இது, இப்பப் போய்?”

“என்னை மறிக்கிறவனுக்கு இடது பக்கம் கால் வரலை. அதுல புகுந்து போற வேகம் எனக்கு வரலை. உனக்கு வரும். போ.”

சுல்தான் இடது பக்கம் புகுந்தான். காவலுக்கு நின்றவன் திரும்புவதற்குள் பந்து வளையத்துக்குள் விழுந்தது.

மிச்சமிருந்த நான்கு நொடியில் ஏழடி ஆள் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது.

மணி அடித்தது. நாற்காலிகளைத் தாண்டி முதலில் பாய்ந்தது, முழங்காலில் உறை போட்ட அந்த இரண்டு கால்கள். சுல்தானைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று சுற்றிய பிறகும் ஜெபராஜ் இறக்கிவிடவில்லை.

கோப்பையைக் கொண்டுவந்து சத்தியசீலன் கையில் கொடுத்தார்கள். பதினோரு வருடம். அது இவ்வளவு கனக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. தலைக்கு மேல் தூக்கினார். கூட்டம் அதிர்ந்தது.

இறக்கியதும் ரெஜினாவிடம் போனார்.

“ஜெபராஜ் இன்னைக்குக் கையைத் தூக்குவான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

ரெஜினா பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அவன் தூக்கினப்ப.”