பாதைப் பக்கம் சாய்ந்த குளியல் குழி

மூங்கில் காட்டில் மினுக்கி என்று ஒரு காட்டுப் பன்றி இருந்தாள். நிறைமாதக்காரி. மழைக்காலம் தொடங்குவதற்குள் குட்டி போட வேண்டும் என்று பாறையடியில் காய்ந்த புல்லைப் பரப்பி, மெத்தென்று படுக்கை போட்டு வைத்திருந்தாள். நாலடி தள்ளி அவள் குளிக்கிற சேற்றுக் குழி. பாறை இடுக்கிலிருந்து ஊற்றுத் தண்ணீர் அதில் சொட்டிக்கொண்டே இருக்கும். சேறு அத்தனையையும் குடித்துக்கொள்ளும். அதில் ஒரு புரள் புரண்டு எழுந்தால் ஒரு ஈ அவளை அண்டாது. ஒரு பன்றிக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் ஒரு நாள் அவள் அருவிப் பக்கம் போய்த் தொலைத்தாள். அங்கே மான்கள் வெள்ளைக் கூழாங்கற்கள் மேல் நின்று குளித்துக்கொண்டிருந்தன. பார்த்ததும் மனசு கெட்டுவிட்டது. திரும்பி வந்து தன் குழியைப் பார்த்தால், சீ, இதுவும் ஒரு குளிக்கிற இடமா என்று தோன்றியது.

மறுநாளே ஓடைக்கரை நண்டு மேஸ்திரியைக் கூப்பிட்டுவிட்டாள். பள்ளம் தோண்டவும் கல் பதிக்கவும் அந்தக் காட்டில் அவரை விட்டால் ஆள் கிடையாது.

"இந்தச் சேத்தையெல்லாம் வாரி ஓடையில கொட்டுங்க மேஸ்திரி. அடியில வெள்ளைக் கல்லாப் பதிக்கணும்."

"பதிச்சிடலாம்மா. வாட்டத்தை ஓடைப் பக்கம் விட்டுடறேன். தண்ணி தானா சரிஞ்சு ஓடைக்குப் போயிடும்."

"ஓடைப் பக்கம் சாய்ச்சா பாதையில போறவங்களுக்குக் கல்லு எப்படித் தெரியும்? பாதைப் பக்கம் சாய்ங்க. தட்டுல எடுத்து வச்ச மாதிரி தெரியணும்."

"பாதைப் பக்கம்தானே உங்க படுக்கை இருக்கு?"

"சொட்டுத் தண்ணி மேஸ்திரி, ஆத்து வெள்ளமா? சொன்னதைச் செய்ங்க."

மேஸ்திரி கொடுக்கைத் தூக்கி ஏதோ சொல்ல வந்தார். பிறகு நமக்கெதற்கு வம்பு என்று இறக்கிக்கொண்டார். நாலே நாளில் வேலை முடிந்தது.

காடே வந்து பார்த்தது. முயல் "அடேயப்பா!" என்றது. மயில் உள்ளே இறங்கி நின்று பார்த்தது. அதற்குக் கால் வழுக்கிவிட்டது. சட்டென்று தோகையை விரித்து, ஆடுகிற மாதிரி சமாளித்துக்கொண்டு, "பிரமாதம்" என்றபடியே வெளியேறியது. மினுக்கிக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

எல்லோரும் போன பிறகு ஆசை ஆசையாகக் குளிக்க இறங்கினாள். நாலு காலும் நாலு பக்கம் போயின. தொப்பென்று விழுந்தவள், சரி, விழுந்ததுதான் விழுந்தோம் என்று அப்படியே புரண்டு பார்த்தாள். கல் முதுகைக் குத்தியது. உடம்பில் ஒரு பொட்டுச் சேறு ஒட்டவில்லை. கரையேறியதும் காட்டு ஈக்கள் விருந்துக்கு வந்த மாதிரி மொய்த்துக்கொண்டன.

காலையில் எழுந்தால் படுக்கை நனைந்திருந்தது. புல்லை மாற்றினாள். மறுநாளும் நனைந்தது. இலைகளை அடுக்கிப் பார்த்தாள். இலையும் மிதந்தது. பாதையில் போகிறவர்கள் "எப்படி இருக்கு குளியல்?" என்று கேட்டால் மட்டும், "சுகமா இருக்கு, ஒரு குறையும் இல்லை" என்பாள். உச்சி வெயிலில் யாரும் பார்க்காத நேரத்தில் அடுத்த பள்ளத்து எருமையின் குட்டைக்கு ஓடிப்போய்ச் சேற்றில் புரண்டுவிட்டு, வரும் வழியில் ஓடையில் கழுவிக்கொண்டு வருவாள். கழுவிவிட்டால் புரண்டதற்கு என்ன பயன்? இருந்தாலும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

மனசுக்குள் மேஸ்திரியைத் திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்ததும், அந்த மனுஷன் சொல்லத்தானே செய்தார் என்று ஞாபகம் வரும். அப்போது எரிச்சல் இன்னும் கூடும்.

இப்படி ஐந்து நாள் போனது. ஆறாம் நாள் அவள் தங்கை செம்பி வந்தாள். அவளும் நிறைமாதம். அவள் படுக்கையும் குளிக்கிற குழியை ஒட்டித்தான் இருந்தது.

"அக்கா, உன்னுது மாதிரியே எனக்கும் கட்டிக்கப் போறேன். அதே கல்லு, அதே சாய்வு. மேஸ்திரி நாளைக்குச் சேறு வார வர்றார். உனக்கு எல்லாம் வசதியாத்தானே இருக்கு?"

மினுக்கி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் மயிலுக்குத் தெரியும், முயலுக்குத் தெரியும், காடே சிரிக்கும்.

"சுகமா இருக்குடீ" என்றாள்.

மறுநாள் காலையில் லேசாகத் தூறியது. வெறும் தூறல்தான். அதற்கே கல்லில் விழுந்த தண்ணீர் மொத்தமும் சரிந்து வந்து படுக்கையில் நின்றது. மினுக்கி வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று அந்தத் தண்ணீரையே பார்த்தாள். வயிற்றுக்குள் குட்டிகள் உதைத்தன. பிறந்த குட்டிக்கு ஈரம் ஆகவே ஆகாது. ஒரு ராத்திரி நனைந்து கிடந்தால் பிழைக்காது. தன் குட்டிகளை மட்டுமா? செம்பியின் குட்டிகளையும் அல்லவா இந்தத் தண்ணீரில் போடப் பார்த்தோம் என்று நினைத்ததும் செம்பி வீட்டுப் பக்கம் கிளம்பினாள்.

ஓடினாள். நிறைமாத வயிறு தரையில் இடிக்க இடிக்க ஓடினாள். அங்கே மேஸ்திரி பாதிச் சேற்றை வாரிக் கரையில் குவித்திருந்தார்.

"நிறுத்துங்க மேஸ்திரி! செம்பி, வேண்டாம்டீ. நான் சொன்னது அத்தனையும் பொய். காலு வழுக்குது, ஈ புடுங்குது, ஆறு நாளா என் படுக்கை நனையுது. எருமைக் குட்டையில திருட்டுத்தனமாப் புரண்டுட்டு வர்றேன். பார்க்கிறவங்களுக்குத் தெரியணும்னு நான்தான் சாய்வை மாத்தி வைக்கச் சொன்னேன். மேஸ்திரி மேல தப்பே இல்லை."

செம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நேத்து ஏன்க்கா சொல்லலை?"

"வெட்கமா இருந்துச்சுடீ."

செம்பி சிரிக்கவில்லை. குவித்து வைத்த சேற்றைக் காட்டி, "மேஸ்திரி, இதுல பாதியை என் குழியிலயே போட்டுடுங்க. மீதியை அக்கா வீட்டுக்குக் கொண்டு போங்க. அவ சேறுதான் ஓடையோட போயிடுச்சே" என்றாள்.

அன்றைக்கே மேஸ்திரி கற்களைப் பெயர்த்தார். வாட்டத்தை ஓடைப் பக்கம் திருப்பினார். மேலே சேற்றை நிரப்பினார்.

"கல்லையெல்லாம் தூக்கி எறிஞ்சிடவாம்மா?"

"நாலு கல்லு ஓரமா நட்டு வைங்க. முதுகு சொறிஞ்சுக்க ஆகும்."

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. கொட்டு கொட்டென்று கொட்டியது. தண்ணீர் ஒழுங்காக ஓடைக்குப் போனது. காய்ந்த படுக்கையில் மினுக்கிக்கு ஆறு குட்டிகள் பிறந்தன. ஆறும் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கின.

மழை விட்டதும் குட்டிகளைப் பார்க்க மயில் வந்தது. "அடடா, அந்த அழகான கல்லெல்லாம் எங்கே?" என்று கேட்டது.

"பார்க்க நல்லா இருந்துச்சு, குளிக்கத்தான் லாயக்கில்லை. தப்புப் பண்ணிட்டேன், மாத்திட்டேன்" என்றாள் மினுக்கி.

மயில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னது: "நான் அன்னைக்கு ஆடலை, வழுக்கி விழப் பார்த்தேன்."

பிறர் பார்க்க வேண்டும் என்று செய்து கெடுத்ததை மூடி மறைத்தால் நாமும் நனைவோம், நம்மைப் பார்த்துச் செய்கிறவர்களும் நனைவார்கள். தப்பு என்று தெரிந்த அன்றே ஒத்துக்கொண்டு திருத்துகிறவர்தான் நிம்மதியாகத் தூங்குவார்.