பறந்து வந்த ஓலைக் கோயில்

எங்கள் ஊர் அருமைநாயகம் அண்ணாச்சி வாயைத் திறந்தால் ஆட்டுக்குட்டி யானையாகிவிடும். அன்று அவரை நாங்களேதான் பேச விட்டோம். எங்கள் வேதக்கோயிலுக்கு நூற்றைம்பதாவது பண்டிகை. சபை முழுக்கப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அசனத்தை எங்கள் கடம்பன்விளையில் வைப்பதா, பக்கத்துச் சந்தோஷபுரத்தில் வைப்பதா என்று சண்டை. கோயில் முதலில் எந்த ஊரில் நின்றதோ அங்கேதான் அடுப்பு மூட்டுவது என்று புதிதாக வந்த பாதிரியார் ஐயர் சொல்லிவிட்டார். நோட்டும் பேனாவுமாகக் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார். எதிரே சந்தோஷபுரத்து வேதக்கண் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அண்ணாச்சி ஆரம்பித்தார்.

“எழுதிக்கிடுங்க ஐயரே. கோயிலக் கட்டுனது எங்க பூட்டன் மாசிலாமணி. ஒத்த ஆளு! காலையில பனையேறி ஓலை வெட்டுனாரு, மத்தியானம் கூரை மேஞ்சாரு, சாயங்காலம் ஆராதனை.”

“சுவரு?” என்றார் வேதக்கண்.

“சுவரு எதுக்குவே? வந்த சனந்தான் சுவரு. நெருக்கி நின்னா காத்து நுழையாது.”

“எந்த இடத்தில் கட்டினார்?” என்று கேட்டார் ஐயர்.

“அங்கதான் வாரேன், அவசரப்படாதீங்க. மணி வாங்க வழியில்ல. பூட்டன் ஒரு வெங்கலக் கும்பாவ செரட்டையால தட்டுவாரு. முதல் மணி இலங்கைக்குக் கேக்கும். அங்க உள்ளவன் ரெண்டாம் மணிக்குள்ள தோணியேறி வந்துருவான்.”

“அப்ப மூணாம் மணி?”

“அது உம்ம மாதிரி பக்கத்துலயே இருந்துட்டுப் பிந்தி வாறவனுக்கு.”

ஐயரே சிரித்துவிட்டார். அண்ணாச்சிக்கு அது போதாதா!

“ஒரு ஆடி மாசம் காத்து வந்துச்சு பாருங்க. தேரி மணலெல்லாம் கெளம்பி, பட்டப்பகல்ல விளக்கு வச்சோம்.”

“நீரும் இருந்தீராக்கும்?”

“பூட்டன் கண்ணுதான்வே எனக்கு! கேளும். வெள்ளைக்கார ஐயரு ஜெபம் பண்ணுதாரு. அவரு ஜெபம்னா லேசுல முடியாது. காத்து கோயில அப்படியே தூக்கிட்டு! சனம், பாயி, ஐயரு எல்லாம் உள்ள. கண்ண மூடியிருந்ததால ஒருத்தருக்கும் தெரியல. பூட்டன் மட்டும் முழிச்சிருந்தாரு. கூரையில தொங்கிக்கிட்டு, கால துடுப்பாப் போட்டு, கோயிலத் திருப்பி, இந்தா, இந்த இடத்துல எறக்குனாரு. ஜெபம் ஆரம்பிச்சது சந்தோஷபுரத்துப் புளியமரத்தடியில, ஆமென் சொன்னது கடம்பன்விளையில!”

நாங்கள் கைதட்டினோம். அப்புறம்தான் ஒவ்வொருவராக நிறுத்தினோம். ஐயர் எழுதிக்கொண்டிருந்தார்.

வேதக்கண் எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “இவரு சொன்னதுல நான் ஒண்ணையும் நம்பல ஐயரே. கடைசியா சொன்னாருல்லா, அத மட்டும் நம்புதேன்.”

“ஐயரே, அதுக்கு முந்தின வருசம் இங்கயிருந்து அங்க ஒரு காத்து அடிச்சு...” என்று அண்ணாச்சி தொடங்குவதற்குள் ஐயர் நோட்டை மூடிவிட்டார்.

“ஜெபம் பண்ணி முடிப்போம்” என்றார் ஐயர். எல்லாரும் கண்ணை மூடினோம். அண்ணாச்சி மட்டும் மூடவில்லை போலிருக்கிறது. வேதக்கண்ணின் குரல் கேட்டது.

“நீரும் மூடும் அண்ணாச்சி. கோயில் எங்கயும் போகாது. அசனந்தான் போயிட்டு.”