கொடி அதேதான், புல் எங்கே?

கோடையில் நீர் வற்றியதும் அந்தக் காட்டு ஏரியின் படுகையில் புல் முளைக்கும். வேறெங்கும் பச்சையே இருக்காது. அதனால் சிங்கராஜா ஒரு சட்டம் போட்டிருந்தார். குடும்பத்துக்கு ஒரு காட்டுக்கொடி. எல்லாக் கொடியும் ஒரே நீளம். கொடியின் இரு முனையையும் முடிந்து, சுற்றிப் போட்டு எவ்வளவு இடத்தை வளைக்கிறார்களோ, அந்தப் புல் அவர்களுக்கு.

கொடியைப் போட்டுக் கொடுப்பவர் காட்டெருமை மந்திரி. தன் கொடியை அவர் வட்டமாகப் போட்டுக்கொண்டார். முயல்களுக்கோ ஓட்டம்தான் உயிர். எந்த இடத்தைப் பார்த்தாலும் இதில் எவ்வளவு தூரம் ஓடலாம் என்றுதான் பார்க்கும்.

"உங்களுக்கு நீளமா போடட்டுமா?" என்று மந்திரி கேட்டார்.

"ஆமாங்க, நல்லா நீளமா!" என்று முயல்கள் குதித்தன.

குறுக்கே ஒரே தாவில் தாண்டிவிடக்கூடிய ஒல்லித் துண்டு கிடைத்தது. மந்திரி சிரித்ததை அவை கவனிக்கவில்லை. ஓடிப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தன.

கொஞ்ச நாளிலேயே துண்டு மொட்டையாகிவிட்டது. வெள்ளச்சி என்ற தாய்முயலுக்குப் பால் வற்றியது. அவள் குட்டிகள் கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன.

அரசவை ஆராய்ச்சியாளர் நாரை வந்து பார்த்தது. முயல்களின் துண்டிலும் மந்திரியின் வட்டத்திலும் புல்லைக் கொத்தி ருசி பார்த்தது, மண்ணைக் கிளறியது. "புல் ஒண்ணுதான், மண் ஒண்ணுதான், கொடி நீளமும் ஒண்ணுதான். நீங்கதான் அதிகமா தின்னுறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. பார்த்ததெல்லாம் சரி, முடிவு மட்டும் தப்பு. அந்த நாரைமேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

வெள்ளச்சி துண்டின் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தாள். இது இன்னும் ஒல்லியானால்? இன்னும் கொஞ்சம் ஒல்லியானால்? கொடியின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால்? சட்டென்று எழுந்தாள். படுகையில் கூடியிருந்த அரசவைக்கு நேராகப் போய் நின்றாள்.

"ராஜா, எங்க பங்கும் மந்திரி பங்கும் சமமில்லை."

மந்திரி கனைத்தார். "ரெண்டும் சமம்தான், ராஜா. எண்ணத் தெரியாத முயலெல்லாம் கணக்கு பேச வந்துடுச்சு."

"எண்ணுறது மட்டுமா கணக்கு? வடிவமும் கணக்குதான். ஒண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே போனா கடைசியில என்ன ஆகும்னு யோசிக்கிறதும் கணக்குதான்."

சிங்கம் உறுமியது. "சட்டம் போட்டது நான். ரெண்டும் சமம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உயிரோட வீடு போய்ச் சேரு."

"சொல்லித் தொலையேன்டி" என்று மற்ற முயல்கள் அவளை இழுத்தன.

"சொல்ல மாட்டேன். ராஜா என்னைக் கொல்லலாம். கொன்னாலும் ரெண்டும் சமமாகாது."

யாரும் தடுப்பதற்குள் அவள் மந்திரியின் வட்டத்துக்குப் பாய்ந்தாள். கொடியின் ஒரு பக்கத்தை ஒரு மரக்கட்டையில் மாட்டினாள். எதிர்ப் பக்கத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு ஓடினாள். வட்டம் ஒடுங்கியது, இன்னும் ஒடுங்கியது. கடைசியில் கொடியின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகக் கிடந்தன.

"கொடி அதேதான், மந்திரியாரே. நீளம் துளிகூடக் குறையலை. வாங்க, உள்ளே வந்து மேயுங்க."

மந்திரி குனிந்து பார்த்தார். குளம்பு வைக்கக்கூட இடமில்லை.

நாரைக்கு உறைத்தது. அது தேக்கிலைகளைக் கொண்டுவந்து முயல்களின் துண்டு முழுவதும் பரப்பியது. பிறகு அதே இலைகளை மந்திரியின் வட்டம் இருந்த இடத்தில் பரப்பியது. ஓரத்தில் கொஞ்சம்தான் மூடியது; மிச்சமெல்லாம் பச்சையாகத் தெரிந்தது.

"வெள்ளச்சி சொன்னதுதான் சரி, ராஜா. நான் பார்த்தேன், கணக்குப் போடலை. அவ கணக்குப் போட்டா, இப்ப நானும் பார்த்துட்டேன்" என்றது நாரை.

சிங்கம் மந்திரி பக்கம் திரும்பியது. "ரெண்டும் சமம்னுதானே சொன்னே? அப்போ முயலுங்க துண்டுல இனிமே நீ மேய்ஞ்சுக்கோ."

மந்திரி அந்த ஒல்லித் துண்டுக்கு நடந்தார். முயல்கள் மந்திரியின் கொடியை மறுபடி வட்டமாக விரித்து உள்ளே போயின. அன்று சாயங்காலம் வெள்ளச்சியின் குட்டிகள் வயிறு நிறையப் பால் குடித்தன.

கண்ணால் பார்ப்பதோடு கணக்கும் போட்டுப் பார்ப்பவர்களை எவ்வளவு பெரிய அதிகாரத்தாலும் ஏமாற்ற முடியாது.