பல் உதிர்ந்த பிளேடு

ஆறுச்சாமி அன்றைக்குக் கேட்டது கேள்வியே அல்ல, சண்டை.

"நீங்களே சொல்லுங்க அம்மணி. பெத்தவன் திட்டக் கூடாதா? அதுக்குன்னு வீட்ட விட்டே போயிருவாளா?"

வேலை பார்த்த மில்லை மூடிவிட்டதால், ஐம்பது வயதில் கோகிலாவின் இரும்புப் பட்டறைக்குத் தொழில் கற்க வந்தவர் அவர். கோகிலா வயதில் சின்னவள். ஆனாலும் பட்டறையில் அவள்தான் குரு. ஆறுச்சாமி நல்ல வேலைக்காரர். கோபம் மட்டும் எந்நேரமும் மூக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். பால் பொங்கி வழிந்ததற்காக, வந்திருந்த சொந்தபந்தம் முன்னால் மகளைக் கிழி கிழியென்று கிழித்திருந்தார். பாலுக்காகவா இந்தப் பாடு! அந்தப் பெண் பொள்ளாச்சியில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். போன் செய்தாலும் எடுப்பதில்லை.

"என்ன சொல்லித் திட்டுனீங்க?"

"அவ அண்ணன எப்படித் திட்டுவனோ அதேதானுங்க. ஒரு வார்த்த கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. பையன் தாங்குனான்ல? இவளுக்கு என்ன கேடு?"

கோகிலா மூலையில் கிடந்த மெல்லிய பைப்புகளைக் காட்டினாள்.

"மத்தியானத்துக்குள்ள இதை அறுத்துக் குடுத்துருங்கண்ணா."

இரும்பு அறுக்கும் பேண்ட்சா மெஷினில் பெரும்பல் பிளேடு மாட்டியிருந்தது. தொடை கனத்துக்கு இருந்த இரும்புத் தண்டைக் காலையில் அதுதான் அறுத்திருந்தது. பைப்புக்குப் பொடிப்பல் பிளேடு மாட்ட வேண்டும். முதல் நாளே அவள் சொல்லிக் கொடுத்த பாடம் அது. ஆனால் கழற்றி மாட்ட மனிதருக்குப் பொறுமை வேண்டுமே! பேசிய வேகத்தில் அப்படியே சுவிட்சைப் போட்டார். கோகிலா பார்த்தாள், தடுக்கவில்லை.

மெஷின் கடகடவென்று அலறியது. பைப்பின் விளிம்பு பற்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ள, பற்கள் வரிசையாகத் தெறித்து விழுந்தன. பைப்பும் நசுங்கிப் போனது.

"சனியன் புடிச்ச பிளேடு! கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டானுங்க!"

"காலைல தண்டை நல்லாத்தானே அறுத்துச்சு?"

"அது முழு இரும்புங்க அம்மணி. இது தகடாட்டம் இருக்குது. ரெண்டுக்கும் ஒரே பிளேடு ஆகுமா?"

"ஏன் ஆகாது?" அவள் குரலும் இப்போது ஏறியது. "தண்டு தாங்குச்சுல்ல? பைப்புக்கு என்ன கேடு?"

ஆறுச்சாமி குனிந்து, கீழே சிதறிக் கிடந்த பற்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"அதை விடுங்கண்ணா," என்றாள் கோகிலா. "பிளேடு கடைல கெடைக்கும். நீங்க மொதல்ல பொள்ளாச்சி பஸ் ஏறுங்க."