இல்லாத மரத்தின் பொந்துகள்

முதலாவது, இந்த இலுப்பை மரம் சாய்ந்துவிடும் என்று நரி புரளி கிளப்பியது. இரண்டாவது, ஒரே ஒரு மழைக்காலம் கருவேலங்காட்டில் இருங்கள் என்று பொந்துகளில் குடியிருந்தவர்களை வெளியேற்றியது. மூன்றாவது, அவர்கள் போன மறுநாளே யானையை வைத்து மரத்தைச் சாய்த்தது. நான்காவது, புது மரத்துக்குக் குழி தோண்டி, வேலியும் போட்டுவிட்டு, மரத்தை மட்டும் நடாமல் விட்டது.

மரங்கொத்தி கொண்டையன் இந்த நான்கையும் இதே வரிசையில்தான் சொல்லும். யாராவது முன்பின்னாக மாற்றினால், “அநியாயத்திலும் மூத்தது இளையது உண்டு” என்று அலகை நீட்டும். உடம்பு கிழடாகிவிட்டது. கோபம் அப்படியே இருந்தது.

நரியிடம் கேட்டால் பதில் தயாராக இருந்தது. அக்கரையிலிருந்து வளர்ந்த மரத்தையே மண்ணோடு பெயர்த்து வந்து நடுவார்களாம். அது வேர் பிடிக்க ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் வேண்டுமாம். அந்தத் தண்ணீரை ஏரி முதலையிடம் நரி கடன் கேட்டிருக்கிறதாம், முதலை இழுத்தடிக்கிறதாம்.

“வேலை நிற்கவில்லை, பெரியவரே. தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்” என்றது நரி.

காற்றே இல்லாத அந்திகளில் குழிக்கு மேல் இலைகள் சலசலத்தன. அங்கே இலை ஏது? இரை தேடித் திரும்பும் பறவைகள் அந்த வெறும் வெளியைச் சுற்றின. கிளி தன் பழைய உயரத்தில், மைனா தன் பழைய உயரத்தில். பொந்து இருந்த இடம் வந்ததும் ஒவ்வொன்றும் சிறகைச் சுருக்கும். கால் வைக்க ஒன்றுமில்லாமல் திடுக்கிட்டு மேலேறும்.

பௌர்ணமிதோறும் நரி வேலியருகே நின்று பெயர்களைக் கூப்பிட்டது. “இருக்கிறேன்” என்றால் புது மரத்தில் பொந்து உறுதி. செத்தவர் பொந்து பிள்ளைகளுக்கு வரவேண்டுமானால், பறப்பது ஒன்று, நடப்பது ஒன்று, நீந்துவது ஒன்று என மூன்று சாட்சிகள் முன்னால் செத்தவர் பெயரை உறவினர் சொல்லவேண்டும். அது காட்டின் சட்டம்.

மரத்தாரின் வழக்கமோ வேறு. செத்தவர் பெயரை அடுத்த இலுப்பைப் பூ பூக்கும்வரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அதனால் பாம்புக்கும் பருந்துக்கும் பலியானவர்களின் பெயர் வரும்போதெல்லாம் கருவேலங்காடு தலை குனிந்து நின்றது. அந்தப் பொந்தைக் காலி என்று வைத்துக்கொண்டு நரி அடுத்த பெயருக்குப் போனது.

மழைக்குப் பிறகு ஏரி ஆமை கொண்டையனிடம் ஊர்ந்து வந்தது.

“அண்ணே, ஏரியில் தண்ணீர் தளும்புது. முதலைக்கு அதில்லை கவலை. பாதிப் பொந்து காலியானால்தான் மதகைத் திறப்பேன்னு நரியிடம் சொல்லிவிட்டது. காலிப் பொந்தெல்லாம் அதன் ஆட்களான உடும்புகளுக்கு.”

கொண்டையன் மகளைத் திரும்பிப் பார்த்தது. அந்த வாரம்தான் அதன் துணையைப் பாம்பு விழுங்கியிருந்தது. மகள் முட்டையிடும் பருவத்தில், முள்ளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

பௌர்ணமி அந்தி வந்தது. நரி கொண்டையனுடைய துணையின் பெயரைக் கூப்பிட்டது. எல்லாரும் தலை குனிந்தார்கள். நரி அடுத்த பெயருக்கு வாய் திறந்தது.

“நில்” என்றது கொண்டையன்.

மகள் பதறினாள். “சொல்லாதீங்க அப்பா. இலுப்பை இன்னும் பூக்கலையே.”

“பூக்க மரம் எங்கேம்மா?”

கூட்டம் வெறும் குழியைப் பார்த்தது. மரம் இல்லாமல் பூ வராது, பூ வராமல் மௌனமும் முடிவுக்கு வராது. நரிக்கு இது மரத்தைச் சாய்த்த அன்றே தெரியும்.

கொண்டையன் வேலிக்கம்பை மூன்று முறை கொத்தியது. குழிக்குள்ளிருந்து மூன்று கொத்துகள் திரும்பி வந்தன. துணை கொத்தும் அதே தாளம். நரியின் வால் கால்களுக்கிடையே ஒடுங்கியது.

ஆந்தை முன்னால் வந்தது. கீரி வந்தது. முதலைக்குப் பயந்து கொஞ்சம் தயங்கிவிட்டு, ஆமையும் வந்தது.

“தெற்குக் கிளை, மேலிருந்து இரண்டாவது பொந்து. குடியிருந்தவள் செத்துப்போனாள். பொந்து மகளுக்கு. செத்தவள் பெயர் பொன்முதுகி.”

“கேட்டோம்” என்றன மூன்றும்.

பின்னாலிருந்து ஒரு கிளி தன் தாயின் பெயரைச் சொன்னது. அதற்குப் பின்னால் ஓர் அணில். குழிக்கு மேல் இலைகள் சலசலத்துக்கொண்டே இருந்தன.

செத்தவர் பெயரை இருப்பவர் உரக்கச் சொல்லாவிட்டால், வீட்டை இடித்தவன் சொல்லும் தாமதமே அந்த வீட்டைத் தின்றுவிடும்.