பொழுது சாய்கையில் ஒரு பெயர்

"எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள், ஹஜ்ரத். என்னை மட்டும் 'தம்பி' என்பதோடு விட்டுவிடுகிறீர்கள். நான் என்ன தவறு செய்தேன்?"

ஈரானின் ஷிராஸ் நகரத்துத் தைக்காவில், அந்தச் சூஃபி மடத்தின் குருவான ஷெய்கின் முன்னால் அமர்ந்து பெஹ்ஸாத் கேட்டான். அங்கே ஓதவரும் சீடர்களில் அவனும் ஒருவன்.

ஷெய்கு, ஊருக்குப் போயிருந்தாயாமே என்று மட்டும் விசாரித்தார்.

போயிருந்தான். குர்திஸ்தான் மலைக் கிராமத்தில் அவன் தாய் இறந்துபோனாள். மீசை அரும்பும் முன் ஊரை விட்டவன், அப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன். இப்போது பேருந்து மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

யார் வந்திருப்பது என்று துக்க வீட்டில் ஒருத்தி கேட்டாள்.

பெஹ்ஸாத் என்றான்.

யாருக்கும் விளங்கவில்லை. மரியாதையாக இடம் ஒதுக்கித் தேநீர் கொடுத்தார்கள். மகன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மறுநாளே திரும்பிவிட்டான்.

"என்னிடம் குர்தியில் பேசவில்லை, பாரசீகத்தில் பேசினார்கள், ஹஜ்ரத். வெளியூர் விருந்தாளியிடம் பேசுவதுபோல."

அவன் ஷெய்கின் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான்.

"நான் குர்தியனா, பாரசீகனா?"

"பெஹ்ஸாத் என்ற பெயரை உனக்கு வைத்தது யார்?"

"நானேதான்."

ஷிராஸுக்கு வந்து மிட்டாய்க்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயரைக் கேட்டவர்களெல்லாம் அடுத்து எந்த ஊர் என்றார்கள். பாரசீகப் பெயராக மாற்றிக்கொண்டான். அதன்பின் யாரும் கேட்கவில்லை.

"பொழுது சாய்கையில் உன் தாய் உன்னை எப்படிக் கூப்பிடுவாள்?"

பெஹ்ஸாத் தலை குனிந்தான்.

கருவாலி மரங்களுக்கு இடையே ஆடுகள் இறங்கி வரும். வீட்டுக்கு வீடு ரொட்டி சுடும் புகை. கூரைமேல் அம்மா வந்து நிற்பாள். முதல் தடவை காதில் விழாததுபோல் இருந்துவிடுவான், அவள் இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.

சொல்ல முயன்றான்.

"அதைச் சொல்ல வரவில்லை, ஹஜ்ரத். கூப்பிடத்தான் வரும்."

"கூப்பிடு."

எழுந்து வாசலுக்குப் போனான். வெளியே, நாரத்தை மரங்கள்மேல் வெயில் மங்கிக்கொண்டிருந்தது. கைகளை வாயருகே குவித்தான்.

"ஆஸோ... ரோலே, ஆஸோ..."

ரோலே என்றால் குர்தி மொழியில் மகனே என்று அர்த்தம்.

சமையற்கட்டிலிருந்து பலூச்சி இனத்துச் சீடர் மீர்தோஸ்த், மாவுக் கையோடு வெளியே வந்தார். முற்றத்தைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"யாரைக் கூப்பிடுகிறீர்கள்?"

அவன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டான்.

"என்னைத்தான்."